பத்து நிமிஷப் பேச்சை நம்பி ஆள் எடுப்பது

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் முப்பது பேர் வேலை பார்க்கும் யூனிட்டாக இருக்கட்டும், கீழமாசி வீதியில் மொத்தக் கடையாக இருக்கட்டும், அண்ணா நகரில் ஒரு ஸ்கேன் சென்டராக இருக்கட்டும், மதுரைப் பக்கம் ஆள் எடுக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். தெரிந்தவர் ஒருவர் அனுப்பிவைப்பார். முதலாளி பயோடேட்டாவை மேலோட்டமாகப் புரட்டுவார். "எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு? முன்னாடி எங்க இருந்தீங்க? எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" நாலு கேள்வி, ஒரு டீ. "திங்கட்கிழமை நல்ல நாள், வந்துருங்க." ஆறு மாதத்தில் அதே நாற்காலி மறுபடியும் காலி. "இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் நிக்கிறாங்க" என்ற பேச்சு அடுத்து வரும்.

பசங்களைக் குறை சொல்லுமுன் அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்க்க வேண்டும். அதில் தெரியவருவது ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பது மட்டும். பேச்சே வேலையாக இருந்தால் அது போதும். லேத் (கடைசல் மெஷின்) ஓட்டுவதோ ஜிஎஸ்டி பில் போடுவதோ வேலை என்றால், அந்த வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்க்காமல் எடுப்பது குருட்டு யோகத்தை நம்புவதுதான்.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1998-ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், அதற்கு முந்தைய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணும் பிறகு வேலையில் காட்டும் திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் கேள்வி. 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அப்படியே பொருந்துகிறது. வேலையின் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.51, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38, அனுபவம் எத்தனை வருஷம் என்பதற்கு 0.18. 2022-ல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்குகளைத் திருத்தியபோது எண்கள் இறங்கின. ஒழுங்குபடுத்திய நேர்காணல் 0.42-க்கு வந்து முதலிடம் பிடித்தது, செய்முறைச் சோதனை 0.33, மனம்போன நேர்காணல் 0.19. எதுவுமே முழுசாகக் கணித்துவிடாது என்பது தெரிகிறது. ஆனாலும் நம் ஊரில் அதிகம் நடப்பது எதுவோ, அதுதான் இந்த மூன்றில் அடியில் கிடக்கிறது. (கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 1998-ல் கிடைத்த எண் 0.02. பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்து ஆள் எடுப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். அதை யாரும் அளந்த மாதிரி தெரியவில்லை, அளக்கவும் வேண்டாம்.)

முதலில் செய்யவேண்டியது விளம்பரம் போடுவது இல்லை. ஒரு தாள் எழுதுவது. "அக்கவுண்டன்ட் தேவை" என்பது வேலையின் பெயர்தான். வருகிறவர் முதல் மூன்று மாதத்தில் என்ன செய்து முடிக்க வேண்டும் என்று, அவரை மேய்க்கப்போகும் சூப்பர்வைசரோடு உட்கார்ந்து எழுதுங்கள். தினமும் எத்தனை பில், யார் பார்ட்டியிடம் போனில் பேசுவது, ரிட்டர்ன் நீங்களே போடுகிறீர்களா ஆடிட்டர் ஆபீஸ் போடுகிறதா, வங்கிக்கு யார் போவது. எழுதி முடித்ததும் நடுவில் ஒரு கோடு போட்டு, வரும்போதே தெரிந்திருக்க வேண்டியதை ஒரு பக்கமும் வந்த பிறகு சொல்லிக்கொடுக்கக்கூடியதை இன்னொரு பக்கமும் பிரியுங்கள். முதல் பக்கத்தில் நாலைந்துக்கு மேல் நிற்காது. உங்கள் கடையின் சரக்குப் பெயர்கள், ரேட், பழைய பார்ட்டிகளின் குணம் எல்லாம் இரண்டாவது பக்கம்தான்.

இந்தத் தாள் இல்லாமல் எழுதும் விளம்பரத்தில்தான் "எம்.காம்., 5 வருட அனுபவம்" என்று வந்துவிடுகிறது, உள்ளே இருப்பதோ பில்லிங் வேலை. படிப்புக்குத் தகுந்த வேலை கிடைக்கும்வரை ஒதுங்க வருகிறவர்தான் அதற்குக் கிடைப்பார். டிஎன்பிஎஸ்சி, பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வேலை தேடுகிறவர்கள் மதுரையில் ஏராளம். அதற்காக அவர்களை ஒதுக்கத் தேவையில்லை. பலர் கணக்கில் கெட்டி, நேரத்துக்கு வருவார்கள். பரீட்சை எழுதுகிறீர்களா என்று நேராகக் கேட்டு, லீவு எப்போது தேவைப்படும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. மறைத்து வைக்கவேண்டிய நிலைமைக்கு ஆளைத் தள்ளினால், ரிசல்ட் வந்த மறுநாள் போன் ஸ்விட்ச் ஆஃப்.

விளம்பரத்தில் சம்பளத்தை எழுதுங்கள். "தகுதிக்கேற்ப" என்று போட்டால் தகுதி இருப்பவர் கூப்பிடமாட்டார். வேலை நேரம், வார விடுமுறை, ஷிஃப்ட், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்பதும் வேண்டும். மாட்டுத்தாவணி ஊரின் ஒரு முனை, கப்பலூர் இன்னொரு முனை. மேலூரிலிருந்து வருகிறவர் இரண்டு பஸ் மாறி வந்து, இரவு ஷிஃப்ட் முடிந்து எப்படித் திரும்புவார் என்பதை நீங்கள் யோசிக்காவிட்டால் அவர் இரண்டாவது வாரம் யோசிப்பார். ஜவுளிக்கடை மாதிரி நின்றே பார்க்கிற வேலை என்றால் அதையும் எழுதுங்கள். 2021-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும். கொடுத்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம், ஆள் கிடைக்கும்.

எங்கே போடுவது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்யக் காசு கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம்கள், ஐடிஐ பிரின்சிபாலிடம் ஒரு கடிதம், ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரம், வாட்ஸ்அப் குழுக்கள் போதும். கன்சல்டன்சி வழியாகப் போனால் வழக்கமான கட்டணம் ஒரு மாதச் சம்பளம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். 90 நாளுக்குள் ஆள் போய்விட்டால் வேறு ஆள் தரவேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் விண்ணப்பித்தவரிடமும் காசு வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். வாங்கினால் அந்த உறவை அன்றே முறித்துக்கொள்ளுங்கள்.

பயோடேட்டா கட்டாக வந்து சேரும். நம் பக்கத்துப் பயோடேட்டாவில் அப்பா பெயர், மதம், சாதி, சொந்த ஊர், திருமண நிலை எல்லாம் இருக்கும், கேட்காமலேயே எழுதிவிடுகிறார்கள். முதல் சலிப்பைச் செய்கிறவரின் கண்ணில் இவை படாமல் இருக்க ஒரு சுலப வழி: ஆபீஸில் வேறொருவரை விட்டு வரிசை எண், படிப்பு, செய்த வேலைகள், இருக்கும் இடத்திலிருந்து வர எவ்வளவு நேரம், இந்த நாலை மட்டும் ஒரு ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த ஷீட்டை வைத்துச் சலியுங்கள். "எந்த ஊரு" என்ற கேள்வி இங்கே பல நேரம் ஊரைப் பற்றியதே இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் நல்ல ஆள் கூடுதலாகவே கிடைப்பார்.

இடையில் இரண்டு வருஷம் வேலையில்லை என்றிருந்தால் உடனே ஒதுக்காதீர்கள். குழந்தை பிறந்து வீட்டில் இருந்தவர், வளைகுடா போய்த் திரும்பியவர், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஊரோடு இருந்தவர் என்று பலர். கேட்டால் சொல்வார்கள்.

நேரில் கூப்பிடும் முன் ஐந்து நிமிஷ போன். சம்பளம் இவ்வளவு, நேரம் இது, இடம் இது, எப்போது சேரமுடியும் என்ற நாலு விஷயம் மட்டும். இந்தப் போனைச் செய்யாதவர்கள்தான் "பத்துப் பேரைக் கூப்பிட்டேன், மூணு பேர் வந்தான்" என்று புலம்புவது.

இனி செய்முறைச் சோதனை. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும்.

லேத் ஆபரேட்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. விட்டம், 80 மி.மீ. நீளமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடு ஒன்று. வரைபடத்தில் 50 மி.மீ. நீளத்துக்கு 20 மி.மீ. விட்டம், அதில் முனையிலிருந்து 20 மி.மீ. தூரத்துக்கு 16 மி.மீ. ஸ்டெப், முனையில் 1 மி.மீ. 45 டிகிரி சாம்ஃபர் (விளிம்புச் சரிவு). டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) கூட்டியோ குறைத்தோ 0.05 மி.மீ. நேரம் 45 நிமிஷம். அதற்கு முன் மெஷினைப் பழகிக்கொள்ளப் பத்து நிமிஷம் தனியாகக் கொடுங்கள். டூலை உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு டயலில் ஒரு கோடு சில மெஷினில் விட்டத்தைக் குறிக்கும், சில மெஷினில் ஆரத்தைக் குறிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நல்ல டர்னரும் முதல் வெட்டிலேயே அளவைத் தாண்டிவிடுவார், நீங்கள் அவரைத் தேறாதவர் என்று எழுதிவிடுவீர்கள்.

மதிப்பெண்ணை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது பாதுகாப்பு. சக்கை (ராடைப் பிடித்துச் சுற்றும் பாகம்) இறுக்கிய கையோடு சக் கீயை (அதை இறுக்கும் சாவி) எடுத்துவிட்டாரா? சக் கீ சக்கிலேயே இருக்க மெஷினை ஆன் செய்தால் சோதனை அங்கேயே முடிந்தது. அது பறந்து வந்து அடித்தால் கண் போகும், உயிரும் போகலாம். கையுறை போட்டுக்கொண்டு ஓட்டுகிறாரா, சட்டைக் கை தொங்குகிறதா, வெட்டி வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்கிறாரா கொக்கியால் எடுக்கிறாரா, மெஷினை நிறுத்திவிட்டு அளக்கிறாரா. இரண்டாவது முறை. டூல் முனையைச் சென்டர் உயரத்துக்கு வைத்தாரா, முதலில் ஃபேசிங் போட்டாரா (முனையைச் சமப்படுத்துவது), ஃபினிஷிங் வெட்டுக்கு அரை மி.மீ. போல மிச்சம் வைத்தாரா. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல், நிமிஷத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம் என்று எடுத்தால் இந்த ராடுக்கு 380 ஆர்பிஎம் பக்கம் வரும். அனுபவஸ்தர் கணக்குப் போடமாட்டார், கைபோன போக்கில் அதற்குப் பக்கத்துக் கியரைத்தான் பிடிப்பார்.

மூன்றாவது அளவு. இதில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். க்யூசி (தரம் பார்க்கும்) ஆள் அளப்பதற்கு முன், சோதனைக்கு வந்தவரையே மைக்ரோமீட்டரில் அளந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 19.92 வந்ததை 19.92 என்றே எழுதி "சார், கொஞ்சம் இறங்கிருச்சு" என்று சொல்கிறவரை நம்பலாம். பீஸ் 19.92 இருக்கும்போது தாளில் 20.00 என்று இருந்தால், ஒன்று அளக்கத் தெரியவில்லை, இல்லை மறைக்கிறார். முதலாவதைச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டாவது ஆள் அனுப்பும் லாட் பார்ட்டியிடம் போய் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். எது என்று கண்டுபிடிக்க இன்னொரு பீஸைக் கொடுத்து, உங்கள் முன்னாலேயே அளக்கச் சொன்னால் போதும்.

அக்கவுண்டன்டுக்கு டேலியில் (கணக்கு சாஃப்ட்வேர்) ஒரு போலிக் கம்பெனி உருவாக்கி வையுங்கள். எஜுகேஷனல் மோடே (லைசென்ஸ் இல்லாமல் பழகும் வசதி) போதும், ஆனால் அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில்தான் என்ட்ரி போட முடியும், அதனால் பில்களுக்கு அந்தத் தேதிகளையே கொடுங்கள். பன்னிரண்டு பில், ஒரு மணி நேரம். உங்கள் நிஜக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து கொடுக்காதீர்கள். பார்ட்டி விவரம் வெளியே போகும் என்பது ஒன்று. காசு கொடுக்காமல் வேலை வாங்குகிறீர்கள் என்று வந்தவர் நினைப்பார், நினைப்பது சரியாகவும் இருக்கும்.

பில்களில் பொறி வைக்கவேண்டும். சிவகாசி சப்ளையர் பில் ஒன்று, பெங்களூரு சப்ளையர் பில் ஒன்று, இரண்டும் 10,000 ரூபாய், 18 சதவீதம். சிவகாசி பில்லில், ஒரே மாநிலம் என்பதால், சிஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 900. பெங்களூரு பில்லில், வெளிமாநிலம் என்பதால், ஐஜிஎஸ்டி 1,800. விலாசத்தை மங்கலாக அச்சிட்டு ஜிஎஸ்டி எண்ணை மட்டும் தெளிவாக வையுங்கள். வேலை தெரிந்தவரின் கண் முதல் இரண்டு இலக்கத்துக்குப் போகும்: 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா. மூன்றாவது பில்லில் 10,000-க்கு வரியோடு 11,800 வரவேண்டிய இடத்தில் 11,080 என்று அச்சிடுங்கள். ஒரே எண், ஒரே தேதி உள்ள பில்லை நடுவில் இரண்டு தடவை செருகுங்கள். ஒரு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து வரும் சீட்டு). கடைசியாகப் பதினைந்து வரி பேங்க் ஸ்டேட்மென்ட், அதில் வங்கி பிடித்த சார்ஜ் ஒன்று லெட்ஜரில் இருக்காது, லெட்ஜரில் இருக்கும் செக் ஒன்று இன்னும் பாஸ் ஆகியிருக்காது.

எத்தனை என்ட்ரி முடித்தார் என்பதைவிட, 11,080 பில்லில் நின்றாரா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். நின்று "சார், இந்தப் பில்லில் டோட்டல் இடிக்குது, என்ன பண்ண?" என்று கேட்டவர் பத்து என்ட்ரியோடு நேரம் முடிந்து எழுந்தாலும் பரவாயில்லை. பன்னிரண்டையும் நாற்பது நிமிஷத்தில் அடித்துவிட்டு ரெட்டைப் பில்லையும் உள்ளே ஏற்றியவர், ஒரே பில்லுக்கு இரண்டு தடவை காசு அனுப்பவைப்பார்.

சோதனை முடிந்ததும் ஒரு தாளில் 7, 11, 15, 20 என்று எழுதிக் காட்டி, மாதத்தில் இந்தத் தேதிகளில் என்ன வேலை என்று கேளுங்கள். டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) கட்டுவது, ஜிஎஸ்டிஆர் 1 (விற்பனை ரிட்டர்ன்), பிஎஃப் இஎஸ்ஐ (சேமநிதி, மருத்துவக் காப்பீடு), ஜிஎஸ்டிஆர் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) என்று வரிசையாக வந்தால் ஆள் கையால் செய்திருக்கிறார். "நீங்க மாசா மாசமா, மூணு மாசத்துக்கு ஒருக்காவா சார்?" என்று திருப்பிக் கேட்டால் இன்னும் ஒரு மதிப்பெண் சேர்த்துப் போடுங்கள், காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குத் தேதி மாறும்.

சேல்ஸ் ஆளுக்கு இவ்வளவு தேவையில்லை. கடை ஆள் ஒருவர் வாடிக்கையாளராக நடிக்கட்டும், வருகிற எல்லாருக்கும் ஒரே வசனம். பட்ஜெட்டைக் கேட்டுவிட்டுச் சேலையை எடுக்கிறாரா, எடுத்ததைத் திரும்ப மடித்து வைக்கிறாரா என்று பாருங்கள். 2,400 ரூபாய்ச் சேலைக்கு 20 சதவீதம் கழிவு, அதன்மேல் இன்னும் 10 சதவீதம் என்றால் எவ்வளவு? 1,728. முப்பதைக் கழித்து 1,680 என்பவர் கல்லாவில் நிற்க வேண்டாம், மாடியில் நிற்கலாம். டிரைவர் என்றால் லைசென்ஸைப் பரிவாகன் தளத்தில் சரிபார்த்துவிட்டு, சிம்மக்கல் பெரியார் நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் முன் டயரையும் ஆயிலையும் பார்க்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "மூணு நாள் வந்து பாருங்க, சரியா இருந்தா வச்சுக்கலாம்" என்று சம்பளமில்லாமல் ட்ரையல் வைப்பது சோதனை ஆகாது, ஓசி வேலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் நாள் கூலி கொடுத்துவிடுங்கள்.

சோதனைக்குப் பிறகுதான் நேர்காணல். முன்னால் வைத்தால் முதல் பார்வையிலேயே பிடித்துப்போனவரின் தவறுகளை மன்னித்துக்கொண்டே போவோம். ஐந்து கேள்வி போதும், எல்லாருக்கும் அதே ஐந்து, அதே வரிசை. "பிரஷர்ல வேலை பார்ப்பீங்களா?" என்று கேட்டால் "பார்ப்பேன் சார்" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? நடந்ததைக் கேளுங்கள். "கடைசியா ஒரு பார்ட்டி, பில்லில் தப்புன்னு சத்தம் போட்டப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பதில் வர ஐந்து விநாடி ஆனால் ஆகட்டும், நீங்கள் நிரப்பாதீர்கள். பிறகு "அதுல தப்பு யார் மேல?", "அப்புறம்?" என்று தோண்டுங்கள். கட்டிச் சொன்ன கதை இரண்டாவது "அப்புறம்" தாங்காது. புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் இதையே "இப்படி நடந்தா என்ன செய்வீங்க" என்று மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பதிலுக்கு எத்தனை என்பதை முன்னாலேயே எழுதிவைக்கவேண்டும். மேலே சொன்ன கேள்விக்கு, "ஓனர்கிட்ட அனுப்பிட்டேன்" என்றால் 1. பில்லை எடுத்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன் என்றால் 3. திருத்தியதோடு ஏன் தப்பு வந்தது என்று பார்த்து, பழைய ரேட் லிஸ்ட் கம்ப்யூட்டரில் கிடந்ததைக் கண்டுபிடித்து மாற்றினேன் என்றால் 5. இரண்டு பேர் உட்காருங்கள், ஒருவர் முதலாளியானால் இன்னொருவர் சூப்பர்வைசர். ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதிய பிறகே பேசவேண்டும். முதலாளி "பையன் நல்லா இருக்கான்ல?" என்று முதலில் சொல்லிவிட்டால், "ஆமா அண்ணே" என்பதைத் தவிர சூப்பர்வைசரிடம் வேறு கருத்து இருக்காது.

தப்பு நடக்கும் மற்ற இடங்கள் தெரிந்தவைதான். தேறாத மூன்று பேருக்குப் பிறகு வருகிற சுமாரான ஆள் பிரமாதமாகத் தெரிவார். அன்றே முடிவு சொல்லாமல் மறுநாள் தாள்களைப் பார்ப்பது இதற்கு மருந்து. நம் கல்லூரிக்காரர், நம் பழைய கம்பெனிக்காரர் என்றால் மனசு இளகும். முதலாளியே முக்கால் மணி நேரம் தன் கதையைச் சொல்லிவிட்டு, பொறுமையாகக் கேட்டவரை "நல்ல பையன்" என்று எடுப்பதும் உண்டு. ஆங்கிலம் தனி வியாதி. வெளிநாட்டுக்கு மெயில் எழுதுகிற வேலை என்றால் ஒரு மெயில் எழுதச் சொல்லுங்கள், அரை மணி நேரம் கொடுங்கள். கப்பலூரில் மெஷின் ஓட்டவோ விளக்குத்தூணில் துணி விற்கவோ "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" எதற்கு? தமிழ் மீடியத்தில் படித்து வந்த கெட்டிக்கார ஆட்கள் அந்த ஒரு கேள்வியில் திக்கி வெளியே போகிறார்கள்.

கேட்கக் கூடாதவை: சாதி, மதம், கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது. இரவு 10 மணி ஷிஃப்ட் பார்க்க முடியுமா என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டியது என்றால் அதை ஆண், பெண் எல்லாரிடமும் அப்படியே கேளுங்கள். வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மருத்துவப் பரிசோதனை வைப்பவர்கள் லேப் பட்டியலை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய இடத்தில் விசாரிப்பதை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. பழைய கம்பெனி ஆபீஸுக்குப் போன் போட்டால் "நல்லவர்தான்" என்று வைத்துவிடுவார்கள். அவரை நேரடியாக மேய்த்த சூப்பர்வைசரின் எண்ணைக் கேட்டு வாங்கி, "மறுபடி வந்தா எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் வர எடுக்கும் நேரம் பேசும். இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு அவர் சம்மதமில்லாமல் போன் போடாதீர்கள். உங்களிடமும் வேலை கிடைக்காமல் அங்கேயும் போய்விடும். அனுபவச் சான்றிதழில் சந்தேகம் வந்தால், பிஎஃப் கணக்கில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது இருக்கிறது, அவரே போனில் திறந்து காட்டலாம். பிஎஃப் பிடிக்காத சிறு கடைகளில் இருந்தவரிடம் இது இருக்காது, அதற்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. மார்க்‌ஷீட்டை டிஜிலாக்கரில் பார்க்கலாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் நிற்கிறவர் வேலையைப் பார்க்கமாட்டார், சர்டிபிகேட்டை எப்படி வாங்குவது என்று பார்ப்பார்.

சம்பளத்தைப் பேசும்போது கையில் வருவதைச் சொல்லுங்கள். 18,000 என்று பேசி, அதில் அடிப்படை 12,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 135, கையில் 16,425. உங்கள் பக்கம் பிஎஃப் நிர்வாகச் செலவோடு 13 சதவீதம் 1,560, இஎஸ்ஐ 3.25 சதவீதம் 585, ஆக உங்களுக்கு ஆவது 20,145. நீங்கள் 20,000-க்கு மேல் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் 18,000 என்று வீட்டில் சொல்லியிருப்பார், முதல் மாதம் 16,425 வரும்போது முகம் சுருங்கும். ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் கையில் கொடுங்கள்.

சேரும் தேதியில் ஆடியும் மார்கழியும் குறுக்கே வரும். "ஆடி முடியட்டும் சார்" என்பவர் வேறு எங்கோ பேசிக்கொண்டிருக்கலாம், நிஜமாகவே வீட்டில் பெரியவர்கள் தடுத்திருக்கவும் கூடும். எதுவானாலும் தேதி போட்ட ஆஃபர் லெட்டரும், அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு போனும் வேண்டும். இரண்டாவதாக வந்தவரிடம் "இல்லை" என்று அதுவரை சொல்லாதீர்கள், ஆனால் எந்தத் தேதிக்குள் சொல்வோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். தீபாவளி போனஸ் வாங்கியதும் ஆள் மாறுவது வழக்கம் என்பதால், அதற்கு முன்பே இந்தச் சோதனைத் தாள்களைத் தயாராக வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் குறைவு.

சேர்ந்தவரின் மதிப்பெண் தாளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். 90-வது நாள் சூப்பர்வைசரிடம் அந்தத் தாளைக் காட்டாமல் ஆளைப் பற்றி மதிப்பெண் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்த பிறகு, எந்தக் கேள்வியில் 5 வாங்கியவரும் 2 வாங்கியவரும் வேலையில் ஒரே மாதிரி இருக்கிறார்களோ, அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். பொறி வைத்த பில்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஊர் சின்னது, கேள்வி வெளியே போய்விடும்.

எடுக்காதவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது. அவர்கள் கொடுத்த பயோடேட்டாவும் ஆதார் நகலும் பழைய பேப்பர் கடைக்குப் போய் வடை மடிக்கும் தாளாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். கிழித்துவிட்டு எடைக்குப் போடுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், காரியம் முடிந்த விவரத்தை வைத்திருக்காதே என்றுதான் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் படங்களையும் சேர்த்து அழியுங்கள், சாட்டை அழித்தால் மட்டும் போதாது, போன் கேலரியில் தனியாக ஒரு காப்பி கிடக்கும்.